சொட்டும் குழாயை அடைக்காதீர்கள்

மார்கழிக் காலை ஒன்றில் எங்கள் பள்ளி விடுதிக் குளியலறைக்குச் சென்றிருந்தேன். வாட்டர் ஹீட்டரின் வால்விலிருந்து இறங்கும் சிறு குழாயின் முனையில் யாரோ மர ஆப்பு அடித்திருந்தார்கள். விசாரித்தபோது, "தினமும் சொட்டிச் சொட்டித் தரையெல்லாம் வழுக்குது சார். பிள்ளைங்க விழுந்துடக் கூடாதேன்னு நான்தான் அடைச்சேன்" என்றார் விடுதிப் பணியாளர். நல்லெண்ணத்தில் செய்ததுதான். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தொட்டி நன்கு ஆறிய பிறகே ஆப்பை எடுக்கச் செய்தேன். அறிவியல் ஆசிரியரான நானும் அதுவரை அந்தக் குழாயைக் கவனித்ததில்லை.

அந்த நீர் ஏன் சொட்டுகிறது? சூடேறினால் நீர் விரிவடையும். 25 லிட்டர் நீர் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 380 மில்லி லிட்டர் கூடுகிறது. உள்ளே வரும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால் அது திரும்பிச் செல்ல வழியில்லை, அழுத்தம் உயரும். குறிப்பிட்ட அளவில் பாதுகாப்பு வால்வு திறந்து சிறிது நீரை வெளியேற்றும்.

தெர்மோஸ்டாட் பழுதாகி, வெளியேறும் வழியும் அடைபட்டிருந்தால் ஆபத்து. அழுத்தத்தின்கீழ் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். தொட்டி பிளந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் நீராவியாகும். நீராவிக்குச் சுமார் 1,600 மடங்கு இடம் தேவை. 1982 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ஸ்பென்சர் நகர் ஸ்டார் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு வேளையில் வெந்நீர்த் தொட்டி வெடித்தது. 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தனர்.

ஆகவே, உங்கள் பள்ளியிலும் விடுதியிலும் இவற்றைப் பாருங்கள்:

1. வெளியேற்றுக் குழாயில் மூடியோ, ஆப்போ, அடைப்பு வால்வோ இருக்கக் கூடாது.
2. அதன் உள்விட்டம் வால்வின் வாயைவிடக் குறுகக் கூடாது.
3. குழாய் சரிந்து கீழ்நோக்கியே செல்ல வேண்டும். நடுவில் நீர் தேங்கும் வளைவு கூடாது.
4. வெந்நீரைத் தாங்கும் குழாயாக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி ஏற்றதல்ல.
5. முனை தரைக்கு அருகே, கண்ணுக்குத் தெரியும்படி, வடிகாலுக்கு மேல் இடைவெளி விட்டு முடிய வேண்டும். மாணவர் மேல் வெந்நீர் படக் கூடாது.

சூடாகும் நேரத்தில் சில சொட்டுகள் விழுவது இயல்பு. நாள் முழுவதும் ஒழுகினால் வால்வில் அழுக்கு படிந்திருக்கலாம். நீர்வரத்தின் அழுத்தமும் மிகுந்திருக்கலாம். பிளம்பரை அழையுங்கள்.

எங்கள் விடுதியில் குழாயை வடிகால் வரை நீட்டினோம். தரையும் வழுக்கவில்லை, வால்வும் தன் வேலையைச் செய்கிறது. வெப்ப விரிவு பாடத்தை இப்போது அந்தக் குழாயைக் காட்டித்தான் தொடங்குகிறேன். "சார், எங்க வீட்டு ஹீட்டர்லயும் அடைச்சிருக்காங்க" என்று ஒரு மாணவி சொன்ன நாளில், அந்தப் பாடம் ஒரு வீட்டையும் காத்தது.