ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வனங்களும் பாசறை வாழ்க்கையும்

காடேகுதல் என்றதும் தமிழர் உள்ளத்தே எழுவது துன்பக் காட்சியே. இராமனும் பாண்டவரும் நாட்டை இழந்து காடேகினர். முனிவர் உலகைத் துறந்து காடேகினர். வீடும் வாகனமும் வருவாயும் உடைய ஒருவன், கூடாரமும் சமையற் கலங்களும் எடுத்துக்கொண்டு, மனைவி மக்களோடு சில நாட்களை மரநிழலிற் கழித்தற்கென்றே காட்டிற்குச் செல்வதும், அதற்கென அரசாங்கம் இடம் வகுத்து வைத்திருப்பதும் அண்மைக் காலத்து வழக்கங்கள். இவ்வழக்கம் மிகப் பெரிய அளவில் வளர்ந்த இடங்களுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வனங்கள். வெட்டுவோரிடமிருந்தும் எரிப்போரிடமிருந்தும் காட்டைக் காக்க வேண்டுமென்பது எவருக்கும் எளிதில் விளங்கும். காட்டை விரும்பி வருவோரிடமிருந்தே அதனைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா, அவ்வனங்களிலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தீராதிருந்து வருகின்றது.

தேசிய வனம் வேறு, தேசியப் பூங்கா வேறு. இரண்டும் ஒன்றெனக் கொள்வோர் அமெரிக்கரிடையேயும் பலர். 1872ஆம் ஆண்டிலே யெலோஸ்ரோன் முதலாவது தேசியப் பூங்காவாக வகுக்கப்பட்டது. பூங்காக்கள் இயற்கைக் காட்சிகளைக் காப்பதற்கும் மக்கள் அவற்றைக் கண்டு மகிழ்வதற்கும் உரியவை. வனங்களோ வேறொரு கவலையிற் பிறந்தன. குடியேற்றம் மேற்கே பரவப் பரவ மரம் வெட்டும் கம்பனிகள் மலைகளை மொட்டையாக்கின. ஆற்றுத் தலைப்புக்கள் வறண்டுவிடும் என்னும் அச்சத்தினாலே, அரச நிலங்களிற் சிலவற்றை வன ஒதுக்குகளாகப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை 1891ஆம் ஆண்டுச் சட்டம் சனாதிபதிக்கு அளித்தது. 1905இல் இவ்வொதுக்குகள் விவசாயத் திணைக்களத்திற்கு மாற்றப்பட்டு, வனச் சேவை என்னும் பெயரோடு தனி அமைப்பொன்று தோன்றியது. அதன் முதற்றலைவர் கிபோர்ட் பின்சோ. இரண்டாண்டுகளின் பின் ஒதுக்குகள் தேசிய வனங்கள் எனப் பெயர் பெற்றன. பின்சோவின் நோக்கில் மரமும் ஒரு பயிரே. அளவறிந்து வெட்டினால் என்றும் விளையும். ஆகவே, தேசிய வனங்களிலே மரம் வெட்டலாம், மாடு மேய்க்கலாம், கனிப்பொருள் தோண்டலாம். இன்று 154 தேசிய வனங்கள் உள்ளன. அவற்றோடு சேர்ந்த புல்வெளிகளையும் கூட்டினால் பரப்பு ஏறக்குறைய 19 கோடியே 30 இலட்சம் ஏக்கர். இலங்கைத் தீவைப் போலப் பன்னிரு மடங்கு எனலாம்.

இத்தகைய வனங்களுக்கு இளைப்பாற வருவோர் அழையா விருந்தினராகவே முதலில் வந்தனர். வனச் சேவையின் கணக்கேடுகளிலே மரத்துக்கும் மேய்ச்சலுக்கும் நிரல்கள் இருந்தன. மனிதரின் மகிழ்ச்சிக்கு நிரல் இருந்ததில்லை. மலிவான மோட்டார் வண்டி வந்ததும் நிலைமை மாறியது. குதிரையில் ஒரு கிழமை செல்லவேண்டிய இடத்தைத் தொழிலாளியும் ஒரு பகலில் அடையலாயினன். 1915ஆம் ஆண்டுச் சட்டமொன்று வனங்களிலே கோடைகால வீடுகள் கட்டிக்கொள்ள முப்பது ஆண்டு வரையான உத்தரவு வழங்க இடமளித்தது. அடுத்த ஆண்டில் ஒறிகன் மாநிலத்தின் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, ஈகிள் கிறீக் என்னுமிடத்தில், மேசைகளும் மலகூடங்களும் கொண்ட பாசறைக் களமொன்றை வனச் சேவை திறந்தது. பூங்காச் சேவை என்னும் போட்டி அமைப்பு நிறுவப்பட்டதும் அதே 1916இலேயாம். அழகிய வனங்கள் யாவும் பூங்காக்களாகித் தம் கையைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம் வனச் சேவையாருக்குப் பொழுதுபோக்கில் நாட்டம் பிறப்பித்த காரணங்களுள் ஒன்றென்பதை மறைப்பதற்கில்லை. அரசாங்கத் திணைக்களங்களின் பொறாமையாலும் சிற்சில வேளைகளில் நன்மை விளைவதுண்டு.

1919இல் ஆதர் கார்ஹாட் என்னும் இளைஞர், நிலவனப்புக் கலைஞராக வனச் சேவையின் டென்வர் அலுவலகத்தில் நியமனம் பெற்றார். கொலறாடோ மாநிலத்து வைற் றிவர் தேசிய வனத்திலே ட்ராப்பர்ஸ் ஏரி என்றொரு மலை ஏரி உளது. அதனைச் சுற்றி வீதியொன்றும் கரையோரமாகக் கோடைகால வீடுகளுக்கான மனைகளும் வகுத்து வருமாறு கார்ஹாட் அனுப்பப்பட்டார். அவர் அளந்தார், படமும் வரைந்தார். ஆயின், அங்குப் பாசறையிட்டிருந்த வேட்டைக்காரர் இருவர் மாலைதோறும் அவரோடு வாதிட்டனர். ஒவ்வொருவர் வாயிலிலும் ஏரி இருந்தால் அது எவருக்கும் ஏரியாய் இராது என்னும் உண்மை அவருக்கு மெல்லப் புலனாயிற்று. திரும்பிச் சென்றவர், ஏரிக்கரையில் யாதும் கட்டலாகாது என்று மேலதிகாரிக்கு அறிவித்தார். ஏவிய வேலையைச் செய்யலாகாதெனச் சொல்லும் கீழதிகாரியைப் பொறுத்துக்கொள்ளும் மேலதிகாரி எங்கும் அரியர். கார்ஹாட்டுக்கு அத்தகையவர் வாய்த்தார். திட்டம் கைவிடப்பட்டது.

அவ்வாண்டு மார்கழி மாதத்திலே தென்மேற்குப் பகுதியில் வன அதிகாரியாயிருந்த அல்டோ லியோபோல்ட் டென்வருக்கு வந்து கார்ஹாட்டைச் சந்தித்தார். இருவர் உள்ளத்திலும் ஒரே எண்ணம் தனித்தனியே முளைத்திருந்தது. பொதிக் குதிரைகளோடு இரண்டு கிழமை செல்லத்தக்க பெரும்பரப்புச் சிலவற்றை வீதியின்றி, விடுதியின்றி, வீடின்றி விட்டுவைக்க வேண்டும் என 1921இல் லியோபோல்ட் எழுதினார். 1924ஆம் ஆண்டிலே நியூ மெக்சிக்கோவின் ஹீலா தேசிய வனத்தில் ஏறக்குறைய ஏழரை இலட்சம் ஏக்கர் நிலம் வனாந்தரமாக ஒதுக்கப்பட்டது. உலகில் அவ்வகையில் வகுக்கப்பட்டவற்றுள் முதலாவது அதுவென்பர். ஒன்றையும் செய்யாதிருப்பதையே ஒரு திட்டமாக வகுத்தது அதன் புதுமை.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். மனிதன் கை படாத நிலமெனப் புகழப்பட்ட இவ்விடங்கள் ஆளற்ற நிலங்களல்ல. ஹீலாப் பகுதி அப்பாச்சி மக்களின் தாயகம். ட்ராப்பர்ஸ் ஏரியைச் சூழ்ந்த மலைகளில் வேட்டையாடி வாழ்ந்த யூற் மக்கள் 1881இலே யூற்றாவுக்குப் பெயர்க்கப்பட்டனர். கார்ஹாட் கண்ட தனிமைக்கு அப்போது வயது நாற்பதும் நிரம்பவில்லை.

வனாந்தரம் ஒதுக்குவது ஒரு விடை. ஆனால், வருவோரில் மிகப் பலர் குதிரையேறி வனாந்தரம் புகுவோரல்லர். வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு அடுப்பு மூட்டுவோர். அவர்களுக்கான விடையை அளித்தவர் கலிபோர்ணியாவிலிருந்த எமிலியோ மைனெக்கே. அவர் மரநோய்களை ஆராய்ந்த அறிஞர். மக்கள் மிகுதியாகக் கூடும் இடங்களிலே பெருமரங்கள் நலிவதைக் கண்டு, 1920களின் பிற்பகுதியில் செம்மரக் காடுகளிலே அதன் காரணத்தை நாடினார். பூச்சியுமன்று, பூஞ்சணமுமன்று, காரணம் காலும் சில்லும். உணவும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரந்து கிடக்கின்றன. காட்டு மண் சருகும் மக்கும் கலந்து பஞ்சு போன்றது. அதன் நுண்டுளைகள் வழியாகவே காற்றும் நீரும் வேரை அடைகின்றன. ஆயிரங் கால்கள் மிதித்து, பாரவண்டிகள் ஏறி இறங்கினால் துளைகள் அடைபடும். மழைநீர் உட்புகாது வழிந்தோடும். வேர் மூச்சின்றி வாடும். மரமோ உடனே சாவதில்லை. பல ஆண்டுகள் சேமிப்பைத் தின்றுகொண்டு நிற்கும். முதலிலே நுனிக்கிளை காயும். பின்னர் ஒரு வறட்சியோ பூச்சியோ வந்து வேலையை முடிக்கும். பழி பூச்சியின்மேல் விழும். சென்ற கோடையிலே அம்மரத்தடியில் மகிழ்ந்திருந்த குடும்பத்தினர் தாம் அதன் சாவுக்கு ஒரு காரணம் என்பதை அறியார்.

மைனெக்கே மக்களை வெறுத்தவரல்லர். வருவோரைத் தடுக்கவேண்டுமென்றும் அவர் சொல்லவில்லை. மனிதன் நடப்பதனால் வரும் கேட்டை ஓரளவு தாங்கலாம். திசையின்றி எங்கணும் ஓடித் திரும்பும் மோட்டார் வண்டியே பெரும்பகை என்பது அவர் முடிபு. 1932இல் வெளிவந்த அவருடைய பாசறைக் களக் கொள்கை இதற்கு வழி சொல்லிற்று. வண்டிகள் ஒரு திசையிற் சென்று சுற்றித் திரும்பும் ஒடுங்கிய வீதி; அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு நிறுத்திடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று; நிறுத்திடத்தின் எல்லையிலே வண்டி தாண்டவியலாத பாறையோ பருமரத் துண்டோ; அதற்கப்பால் அசைக்கவியலாத மேசை, நிலைபெற்ற அடுப்பு, கூடாரத்துக்கு ஓரிடம்; ஒரு குடும்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மறைப்பாக விடப்பட்ட புதர். அடுப்பும் மேசையும் பெயராவிடின் மனிதர் நடக்கும் தடமும் பெயராது. மிதிபடும் நிலம் சிறிதாகும், எஞ்சியது பிழைக்கும். இன்று அமெரிக்கப் பாசறைக் களத்துக்குச் செல்பவர் வீதியோரத்துப் பாறைகளை அலங்காரமெனக் கருதக்கூடும். அவை வேர்களுக்கு இட்ட வேலி.

கொள்கை கட்டடமாவதற்கு ஆள்வலி வேண்டும். அதனைப் பொருளாதார மந்தம் தந்தது. 1933இல் சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற் தொடக்கிய குடியியற் பாதுகாப்புப் படையிலே, 1942 வரையில் ஏறக்குறைய முப்பது இலட்சம் வேலையற்ற ஆடவர் சேர்ந்தனர். மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் நேரே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் அடுக்கிய கல்லடுப்புக்களும் செதுக்கிய மரக்குடில்களும் பல வனங்களிலே இன்றும் பயன்படுகின்றன.

போர் முடிந்ததும் வெள்ளம் பெருகியது. 1946இல் ஏறக்குறைய 1 கோடி 80 இலட்சமாக இருந்த வருகைகள் 1960இல் 9 கோடியைத் தாண்டின. அவ்வாண்டிலே இயற்றப்பட்ட பன்முகப் பயன்பாட்டுச் சட்டம், மரம், மேய்ச்சல், நீர், வனவிலங்கு ஆகியவற்றோடு வெளிப்புறப் பொழுதுபோக்கையும் வனங்களின் நோக்கங்களுள் ஒன்றாக ஏற்றது. அழையா விருந்தினருக்கு அரை நூற்றாண்டின் பின்னரே இலை போடப்பட்டது. 1964ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் வனாந்தரச் சட்டம் கையொப்பம் பெற்று, 54 இடங்களில் 91 இலட்சம் ஏக்கர் நிலத்தை நிலையாகக் காத்தது. அச்சட்டத்தை வரைந்து எட்டாண்டுகள் அதற்காகப் போராடிய ஹவர்ட் சானைசர் அதே ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். கையொப்பத்தைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. இப்போது பலவகை அரச நிலங்களிலும் வனாந்தரங்கள் 11 கோடி ஏக்கருக்கு மேல் உள்ளன.

பிற்கால ஆராய்ச்சிகள் மைனெக்கேயின் கருத்தை உறுதிப்படுத்தியதோடு ஒரு நுட்பத்தையும் சேர்த்தன. புதிய இடமொன்றில் நிலத்துப் பூண்டுகளின் பெரும்பகுதி முதற் சில இரவுகளிலேயே அழிந்துவிடுகின்றது. அதன்பின் நூறு இரவுகள் தங்கினாலும் மேலதிகக் கேடு சிறிது. ஆகையால், பத்துக் குழுவினர் பத்து இடங்களிலே தங்குவதினும், பத்துக் குழுவினரும் முன்னரே கெட்டுப்போன ஓரிடத்தில் மாறி மாறித் தங்குவது நன்று. யாரும் தங்காத இடமே தூய இடமென நாடிச் செல்பவர், கேட்டைக் காடெங்கும் விதைக்கின்றார். மின்னசோட்டாவின் சுப்பீரியர் தேசிய வனத்திலுள்ள எல்லைநீர்ப் பரப்பிலே இக்கருத்து விதியாகவே அமைந்துள்ளது. அங்கே ஏரிகளிற் படகு வலித்துச் செல்வோர் இரும்புத் தட்டடுப்பும் மலக்குழியும் உள்ள குறித்த இடங்களிலேயே தங்கவேண்டும். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேலாகாது. உணவுத் தகரங்களும் போத்தல்களும் கொண்டுசெல்லலாகாது.

ஏனைய வனங்களிற் பெரும்பாலானவற்றிலே, களத்துக்கு வெளியே விரும்பிய இடத்திற் கூடாரமடிக்கும் உரிமையும் உண்டு. அதற்குக் கட்டணமில்லை, பொதுவாகப் பதினான்கு நாள் எல்லை. நீர்நிலையினின்றும் ஏறக்குறைய 200 அடி விலகித் தங்கவேண்டும். மலத்தை ஆறங்குலக் குழியிற் புதைக்க வேண்டும். அடுப்பை நீரூற்றிக் கிளறிக் கையால் தொட்டுச் சூடு ஆறியதை அறிந்த பின்னரே புறப்படவேண்டும். வாடகை கொடுக்க இயலாதவர்களும் இக்காலத்திலே இவ்வுரிமையை நாடுகின்றனர். பதினான்கு நாள் முடிந்ததும் வண்டியை அடுத்த வனத்துக்கு நகர்த்துவோரிடம் அதிகாரி எந்த முகத்தோடு சட்டம் பேசுவார்? பொழுதுபோக்குக்கென எழுதப்பட்ட விதி வறுமையை எதிர்பார்க்கவில்லை.

தீயின் கதை இன்னும் சிக்கலானது. அந்நாட்டுக் காட்டுத் தீக்களிற் பெரும்பாலானவை மனிதர் செயலால் எழுகின்றன. 1944இல் வனச் சேவை தொப்பியணிந்த கரடியொன்றின் உருவத்தைச் சுவரொட்டிகளிற் பொறித்து எச்சரிக்கை செய்தது. 1950இலே நியூ மெக்சிக்கோவில் தீயிற் சிக்கி உயிர்தப்பிய குட்டிக்கு அக்கரடியின் பெயரிட்டு வாஷிங்ரன் விலங்குக் காட்சிச்சாலையில் வளர்த்தனர். கரடியின் போதனை வெற்றி பெற்றது. அளவுக்கு மேல் வெற்றி பெற்றதென்று பின்னர் அறிஞர் உணர்ந்தனர். சிறு தீக்களையும் உடனுக்குடன் அணைத்தமையால் பல காடுகளிலே சருகும் புதரும் குவிந்து, வந்த தீ பெருந்தீயாயிற்று. எனினும், கோடையின் வறட்சி மிகும்போது பாசறைத் தீ முற்றாகத் தடுக்கப்படுவதில் நியாயமின்மை யாதுமில்லை.

கார்ஹாட் 1922இலேயே வனச் சேவையை விட்டு விலகி, பிற்காலத்தில் எழுத்துத் தொழிலிற் புகுந்தார். 1975இல் ட்ராப்பர்ஸ் ஏரியைச் சூழ்ந்த மலைகள் பிளாற் ரொப்ஸ் வனாந்தரமாகச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டபோது அவர் உயிரோடிருந்தார். அங்குச் செல்லும் மண்வீதி இன்றும் ஏரியைச் சுற்றுவதில்லை. வீதி முடியுமிடத்துக்கு அண்மையிலே, மேசையும் அடுப்பும் நிறுத்திடமும் கொண்ட பாசறைக் களங்கள், மைனெக்கே வகுத்த முறையில், கரையினின்றும் விலகி அமைந்துள்ளன. அங்கிருந்து வருவோர் வண்டியை விட்டிறங்கிச் சிறிது தூரம் நடந்தே ஏரியை அடைகின்றனர்.