காயமுற்ற தொழிலாளரும் நட்டஈட்டுரிமையும்

வேலைத்தலத்திலே காயமுற்ற தொழிலாளிக்கு நட்டஈடு கிடைப்பது முதலாளியின் இரக்கத்தினாலா, உரிமையினாலா என வினவின், உரிமையினாலேயே என்பது இக்காலச் சட்டங்களின் விடையாகும். ஆனால் அவ்வுரிமையைக் கோரவொட்டாது முதலாளியே தடுப்பாராயின் அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாவுக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சட்ட வரலாறு தெளிவான விளக்கம் தருகின்றது. இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறி உழைத்து வாழும் டொறன்ரோ நகர் அம்மாகாணத்தின் தலைநகராதலின், அவ்வரலாறு ஈண்டுள்ளாரும் அறியற்பாலதே.

பழைய ஆங்கிலச் சட்டம் தொழிலாளிக்குத் துணைநின்றதன்று. 1837ஆம் ஆண்டில் இறைச்சி வியாபாரி ஒருவரின் ஏவலாள், மிகைப்பாரம் ஏற்றிய வண்டி உடைந்தமையாற் படுகாயமுற்று வழக்குத் தொடுத்தான். யூரிமார் அவனுக்கு 100 பவுண் வழங்குமாறு தீர்த்தனர். மேல்மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அக்காலச் சட்டக் கோட்பாடுகள் முதலாளிக்கு மூன்று அரண்களாய் அமைந்தன. உடன்வேலையாளின் தவறு முதலாளியைச் சாராது என்பது ஒன்று. ஆபத்தை அறிந்தே தொழிலாளி வேலையை ஏற்றான் என்பது மற்றொன்று. தொழிலாளியின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்பது மூன்றாவது. இம்மூன்றையுங் கடந்து நீதி பெற்றோர் சிலரே.

இந்நிலையை ஆராயுமாறு ஒன்ராறியோ அரசு 1910இல் சேர் வில்லியம் மெறடித் என்னும் நீதிபதியை நியமித்தது. 1884இல் ஜேர்மனி வகுத்த விபத்துக் காப்புறுதி முறையையும் பிறநாட்டு முறைகளையும் ஆராய்ந்து, 1913இல் அவர் தம் இறுதி அறிக்கையை அளித்தார். அதனை அடியொற்றிய சட்டம் 1915 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் உட்பொருள் ஓர் உடன்பாடு எனலாம். முதலாளிமேல் வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தொழிலாளர் விட்டுக்கொடுத்தனர். அதற்கு ஈடாக, யார் தவறென்று ஆராயாமலே நட்டஈடு பெறும் உரிமையை எய்தினர். முதலாளிமார் கட்டுப்பணஞ் செலுத்தும் பொதுநிதியிலிருந்து, தனித்தியங்கும் சபையொன்று அதனை வழங்கும்.

இங்கேதான் கூர்ந்து நோக்கவேண்டிய உண்மை உளது. நீதிமன்ற வாயிலைத் தொழிலாளி தானே அடைத்துவிட்டமையால், எஞ்சியிருப்பது சபையின் வாயில் ஒன்றே. அதனையும் முதலாளி மறிப்பாராயின், அவனுக்கு யாதொரு வழியுமில்லை. ஆதலின் கோரிக்கையைத் தடுத்தல் சிறு ஒழுங்கீனம் அன்று. அடிப்படை உடன்பாட்டையே முறிக்குஞ் செயலாகும்.

பணங் கொடுப்பது பொதுநிதியாயின், முதலாளி ஏன் தடுத்தல் வேண்டும்? 1980களிற் புகுத்தப்பட்ட முறையொன்று இதற்குக் காரணமாயிற்று. விபத்துச் செலவு குறைந்த நிறுவனத்துக்குக் கட்டுப்பணத்திற் சலுகையும், கூடிய நிறுவனத்துக்கு மேலதிக அறவீடும் விதிக்கப்பட்டன. விபத்தைத் தவிர்க்கத் தூண்டுவதே அதன் நோக்கம். எனினும் விபத்தைக் குறைப்பதினும் விபத்துச் செய்தியைக் குறைப்பது எளிதென்பதைச் சிலர் கண்டுகொண்டனர். இவ்வபாயத்தைப் பேராசிரியர் ஹரி ஆர்தேஸ் 2012இல் வெளியான தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார்.

தடுக்கும் வழிகள் பல. "வீட்டில் விழுந்ததாக வைத்தியரிடம் சொல்" என்று ஏவுதல், சுகயீன விடுமுறை எடுக்கச் செய்தல், சம்பளத்தைத் தாமே கொடுத்துச் செய்தியை மறைத்தல், வேலை பறிபோகுமென அச்சுறுத்தல் என்பன அவற்றுட் சில. இவற்றுக்கெதிராக 1997ஆம் ஆண்டுச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் காப்பளிக்கின்றன. வைத்திய உதவி வேண்டிய அல்லது வருவாய் இழக்கச் செய்த காயத்தைப் பற்றி, அறிந்த மூன்று நாள்களுள் முதலாளி சபைக்கு அறிவித்து, அதன் பிரதியைத் தொழிலாளிக்கும் கொடுத்தல் வேண்டும். நட்டஈட்டைக் கைவிடுவதாகத் தொழிலாளி செய்யும் உடன்பாடு செல்லாது. கோரிக்கையை விடுக்காமலோ மீளப்பெறுமாறோ அச்சுறுத்துவதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக விலக்கியது. அத்திருத்தமே, குற்றவாளியாகக் காணப்பட்ட கம்பனிக்குரிய உச்சத் தண்டப்பணத்தை 1,00,000 டொலரிலிருந்து 5,00,000 டொலராக உயர்த்தியது.

ஆயினும் மறுத்துரைத்தல் வேறு, மறித்தல் வேறு. காயம் வேலையால் நேர்ந்ததன்று எனச் சான்றுகாட்டி வாதிக்க முதலாளிக்கு உரிமையுண்டு. அவ்வழக்கு சபையை அடையாமற் செய்ய அவருக்கு உரிமையில்லை.

மேலும், கோரிக்கைக்கு முதலாளியின் சம்மதம் வேண்டற்பாலதன்று. அவர் அறிவியாவிடினும் தொழிலாளி தானே ஆறு மாதங்களுள் சபைக்கு விண்ணப்பிக்கலாம். நேர்ந்ததை உள்ளவாறே வைத்தியரிடம் உரைத்தலும், நாள், நேரம், கண்டோர் பெயர் என்பவற்றை உடனே எழுதிவைத்தலும் பின்னர் பெருஞ்சான்றாகும். தொழிற்சங்கத்திற் சேராதார்க்குப் பணம் பெறாது துணைபுரியும் அரச ஆலோசனை அலுவலகமும் உண்டு. சபையின் இறுதி முடிவு பாதகமாயின் மேன்முறையீட்டு நியாயசபையும் உண்டு.

இலங்கையிலோ, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் பொறுப்பை அவ்வம் முதலாளியின் மேலேயே சுமத்தி, பிணக்கைத் தீர்க்கும் அதிகாரத்தை ஆணையாளருக்கு வழங்கிற்று. அமைப்பு வேறெனினும் உண்மை ஒன்றே. சட்டம் உரிமையைப் படைக்கும். அதனைத் தொழிலாளி அறிந்து காலத்தே கோரினாலன்றி அது கைக்கு எட்டாது. கற்றோர் தம் அயலிலுள்ள உழைப்பாளிக்கு ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொடுப்பினும், அது பயன்மிக்க தொண்டேயாகும்.