எக்ஸ்ரே காட்டிய நிழல்

ஆலையில் வேலைக்குச் சேருமுன் மருத்துவப் பரிசோதனை நடைபெறும். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று. “நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிகிறது” என்னும் ஒரு சொல் வீட்டிற்குள் நுழைந்துவிட்டால் போதும். வேலை போயிற்றோ எனத் தந்தை கலங்குவார். உயிருக்கே ஆபத்தோ எனத் தாய் கண்ணீர் வடிப்பார். அத்தகைய திண்ணைகளில் நாமும் அமர்ந்திருக்கிறோம். ஆகவே இதனை எழுதுகிறோம்.

நிழல்கள் எல்லாம் காசநோயல்ல, புற்றுநோயுமல்ல. மிக அரிதாக, அது நெஞ்சகத்துப் பெருஞ்சிரையின் வீக்கமாக இருக்கக்கூடும். தலை, கழுத்து, கைகளிலிருந்து திரும்பும் இரத்தத்தை இதயத்தில் சேர்ப்பது மேற்பெருஞ்சிரை. அதன் சுவர் ஓரிடத்தில் நலிந்து விரிவதே இந்நோய். 1950-ஆம் ஆண்டில் அபட் என்னும் அமெரிக்க மருத்துவர் இத்தகைய வீக்கமொன்றை அறுவைச் சிகிச்சையால் சீர்செய்து மருத்துவ ஏட்டில் எழுதினார். பலருக்கு இது எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. வேறு காரணத்திற்காக எடுத்த படத்திலேயே தற்செயலாய்ப் புலப்படுகிறது.

எக்ஸ்ரே நிழலைக் காட்டுமேயன்றி, அது கட்டியா இரத்தக்குழாயா என்று உறுதியாய்க் கூறாது. ஐயுறவை நீக்குவது சி.டி. ஸ்கேன். கைச்சிரையில் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கையில், வீக்கம் சிரையோடு சேர்ந்தே ஒளிர்கிறது. உள்ளே இரத்தம் உறைந்துள்ளதா என்பதும் தெரியவரும். ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ உடையவர்கள் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.ஐ. படமும் துணைபுரியும். இவ்வுண்மையை அறியாமல், கட்டியென்றெண்ணி ஊசியால் சதையெடுக்க முனைந்தால் பெரும் இரத்தப்போக்கு நேரிடலாம். ஆகவே முதலில் படம், பின்னரே ஊசி.

சிகிச்சை யாது? சிரை சீராக, கதிர்போல் விரிந்து, தொல்லையின்றி இருப்பின், பெரும்பாலும் காலந்தோறும் படமெடுத்துக் கண்காணித்தலே போதும். ஒருபுறம் பைபோல் புடைத்திருந்தால் அச்சம் அதிகம். அங்கே இரத்தம் உறைந்து, உறைகட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். அரிதாய் வெடிக்கவும் கூடும். இவர்களுக்கு அறுவைச் சிகிச்சையை மருத்துவர் எண்ணிப் பார்ப்பர். உறைந்த இரத்தம் இருப்பின் உறைவைத் தடுக்கும் மருந்தும் தருவர். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகமோ கழுத்தோ வீங்குதல் தோன்றினால் தாமதம் கூடாது.

நம்மூரில் மின்ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை. 1934-இல் தொடங்கப்பெற்ற பார்னார்டு கதிரியக்க நிலையம் அங்குள்ளது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உடையவர்கள் அதனையும் கையோடு கொண்டு சென்று, உதவி கிடைக்குமா எனக் கேட்டறிதல் நலம்.

பெற்றோரே, பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கியெறியாதீர். நிழல் புதியதா, பல ஆண்டாய் மாறாததா என்று ஒப்பிட்டுச் சொல்ல மருத்துவருக்கு அவை பெரிதும் உதவும். பெட்டியடியில் கிடக்கும் பழைய படம் ஒன்றே ஒரு குடும்பத்தின் பல நாள் உறக்கத்தை மீட்டுத் தரலாம்.