கப்பல் வருது, கரண்டை நிறுத்து!

மிதக்கும் ஊர்கள் – 9

2006 நவம்பர் 4, சனிக்கிழமை. ஐரோப்பாவில் இரவுச் சாப்பாடு முடிந்து டி.வி. முன்னால் உட்காரும் நேரம். மணி பத்து பத்து. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம், போர்ச்சுகல் என்று பல நாடுகளில் ஒரே சமயத்தில் பட்டென்று கரண்ட் போனது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வீடுகள் இருட்டில். லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். ரயில்கள் தாமதமாயின. பவர் கட் என்ற சொல்லே மறந்துபோன நாடுகள் அவை. மெழுகுவத்தி எந்த அலமாரியில் கிடக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.

புயல் இல்லை, குண்டுவெடிப்பு இல்லை. வட ஜெர்மனியில் ஒரு கப்பல் டெலிவரிக்குக் கிளம்பவிருந்தது.

கப்பலின் பெயர் நார்வீஜியன் பேர்ல். 294 மீட்டர் நீளம், சுமார் 2,400 பயணிகள் தங்கக்கூடிய புத்தம்புதுச் சொகுசுக் கப்பல். அன்றைக்கு அதில் ஒரு பயணிகூட இல்லை. கட்டிய இடத்திலிருந்து கடலுக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. இந்த வாரம் அந்த ‘அவ்வளவுதான்’ பற்றி.

நம் ஊரில் டெலிவரி என்றால் ஒன்று பிரசவம், இல்லாவிட்டால் பார்சல். கப்பல் கட்டுகிறவர்கள் சொல்லும் டெலிவரியில் இரண்டின் சாயலும் உண்டு. கட்டி முடித்த கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்து, குறைகளைச் சரிசெய்து, ஒரு துறைமுகத்தில் நிறுத்தி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுவார்கள். கட்டியவர் கொடி இறங்கும், வாங்கியவர் கொடி ஏறும். மொத்த விலையில் 80 சதவீதம் வரைக்கும் அந்தக் கையெழுத்தின்போதுதான் கைக்கு வரும். அதுவரை இரும்பு, கூலி, கண்ணாடி, கம்பளம் எல்லாமே பெரும்பாலும் கட்டுகிறவர் கடன் வாங்கிப் போடும் காசு. இந்த 80-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பெரிய சொகுசுக் கப்பல் கட்டும் ஊர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிரான்ஸின் சான் நசேர், இத்தாலியின் மொன்ஃபால்கோனே, பின்லாந்தின் துர்க்கு. இந்த ஊர்களில் எல்லாம் தளத்தின் கதவைத் திறந்தால் எதிரே கடல். ஜெர்மனியின் பாப்பன்பர்க் மட்டும் விதிவிலக்கு. நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து சுமார் 36 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, பசு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது அது.

அங்கே எப்படிக் கப்பல் தளம் வந்தது? பாப்பன்பர்க் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். அடுப்பெரிக்க உதவும் கரிமண்ணை வெட்டி எடுக்க வந்தவர்கள், தண்ணீர் வடியவும் மண்ணை ஏற்றிப் போகவும் கால்வாய்கள் தோண்டினார்கள். கால்வாய் இருந்தால் படகு வேண்டும், படகு இருந்தால் தச்சன் வேண்டும். அப்படி முளைத்த பல பட்டறைகளில் மாயர் குடும்பம் 1795-இல் தொடங்கியதும் ஒன்று. மற்றவை காணாமல் போயின, இது மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றது. இன்று அதன் பெரிய கூடத்தின் நீளம் 504 மீட்டர், உயரம் 75 மீட்டர். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை உள்ளே தூக்கி வைத்தாலும் கலசம் கூரையில் இடிக்காது.

விசித்திரமான டெலிவரி இந்தக் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல. 1913-இல் ஆப்பிரிக்காவின் தங்கனிகா ஏரிக்கு ஒரு கப்பல் கேட்டார்கள். நடுக் கண்டத்தில் கிடக்கும் ஏரிக்குக் கப்பல் எப்படிப் போகும்? பாப்பன்பர்க்கில் முழுதாகக் கட்டி, பிறகு அக்கக்காகக் கழற்றி, 5,000 பெட்டிகளில் அடைத்து தார் எஸ் சலாம் அனுப்பினார்கள். அங்கிருந்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களே அதை ஏரியில் மூழ்கடித்தார்கள். பிறகு பிரிட்டிஷார் மேலே தூக்கினார்கள். ‘லியம்பா’ என்ற புதுப் பெயரில் இந்த நூற்றாண்டிலும் அது அதே ஏரியில் ஆள் ஏற்றியிருக்கிறது. இந்தத் தொடரில் இனி வரப்போகும் எந்தப் பகட்டுக் கப்பலுக்கும் இவ்வளவு ஆயுள் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது ஆற்றுக்கு வருவோம். பெயர் எம்ஸ். மரப்படகுக்கு அது தாராளமான ஆறு. இந்தத் தளம் 1986-இல் முடித்துக் கொடுத்த முதல் பெரிய சொகுசுக் கப்பலான ஹோமெரிக், சுமார் 42,000 கிராஸ் டன். 2006-இல் நம் நார்வீஜியன் பேர்ல் 93,530. 2018-இல் ஐடாநோவா 1,83,858. (கிராஸ் டன் என்பது எடை இல்லை. கப்பலின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதன் அளவு.) பிள்ளை வளர வளரச் சட்டையைப் பிரித்துத் தைப்பதுபோல ஆற்றைத் தோண்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு கட்டத்தில் தோண்டுவதும் போதவில்லை. முகத்துவாரத்துக்கு அருகே கான்டர்சம் என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே 476 மீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2002-இல் அது வேலைக்கு வந்தது. புயல் காலத்தில் கடல் நீர் ஊருக்குள் ஏறாமல் தடுக்க என்பது அரசாங்கக் காரணம், அதில் உண்மையும் இருக்கிறது. கப்பல் கிளம்பும் நாளில் மதகுகளை அடைத்து ஆற்றை நிரப்பிக்கொள்ளலாம் என்பது ஊரறிந்த காரணம்.

அந்த நாளைக் காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. ஒன்றையாவது பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கரை, அதில் ஆடுகள் மேய்கின்றன. கரைக்கு அப்பால் ஆறு இருப்பதே தெரியாது. அந்தக் கரைக்கு மேலே பதினைந்து மாடி வெள்ளைக் கட்டடம் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து போகும். ஆடுகள் தலை தூக்குவதில்லை. மனிதர்கள்தான் ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறார்கள். வேனிலேயே படுத்து எழுந்தவர்கள், அப்பா தோளில் குந்திய பிள்ளைகள், மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாகப் பெரியவர்கள். திருவிழாதான்.

இன்னும் உற்றுப் பார்த்தால் ஒன்று இடறும். கப்பல் பின்பக்கமாகப் போகிறது! உந்துவிசை முழுக்கப் பின்புறத்தில் இருக்கிறது. குறுகலான வளைவில் அதை முன்னால் விட்டுக்கொண்டு போனால் கப்பல் சொன்னபடி கேட்கும். மூக்குப் பக்கம் ஓர் இழுவைப் படகு, வால் பக்கம் ஒன்று. இரண்டும் கப்பலை இழுப்பதைவிட விலகாமல் பிடித்துக்கொள்வதுதான் அதிகம். நம் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் செய்யும் வேலை. வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும் சக்கரத்தடியில் கட்டையைச் சரியான நொடியில் செருகுகிறவர் கையில்தானே தேர் இருக்கிறது? எம்ஸ் ஆற்றின் பைலட்டுகள் இதற்காக நெதர்லாந்தின் வாகனிங்கனில் இருக்கும் சிமுலேட்டரில் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார்கள். முழுப் பயணமும் மனிதன் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

வழியில் பாலங்கள். லேர் ஊரில் சாலைப் பாலம் வாயைத் திறந்து வழிவிடும். வேனர் ஊரின் ரயில் பாலத்தில், 2015 வரை நடுத்துண்டையே கிரேன் வைத்துத் தூக்கி எடுத்துவிட்டு, கப்பல் போனபின் மறுபடி பொருத்தி வந்தார்கள். இத்தனை ராட்சதக் கப்பல்கள் கீறலில்லாமல் தாண்டிய அந்தப் பாலத்தை 2015 டிசம்பரில் எம்ஸ்மூன் என்ற சாதாரணச் சரக்குக் கப்பல் வந்து மோதி உடைத்தது. பல வருடங்களுக்கு அந்தப் பாதையில் ரயில் இல்லை.

பாலம் கண்ணுக்குத் தெரியும். வினை வைத்தது தலைக்கு மேலே போன கம்பி.

ஆற்றுக்கு மேலே 3,80,000 வோல்ட் மின்பாதை குறுக்கே போகிறது. கப்பல் அதை முட்டவேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அதனால் பெரிய கப்பல் கடக்கும்போது லைனை நிறுத்திவைப்பது வழக்கம். நம் ஊரில் தேர் வீதிக்கு வரும்போது ஈ.பி. ஆட்கள் லைனை ஆஃப் செய்வதில்லையா, அதேதான். முன்பும் பலமுறை செய்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

இந்த முறை நவம்பர் 5 அதிகாலை 1 மணிக்கு நிறுத்துவதாக ஏற்பாடு. அந்த நேரத்துக்கான கணக்கைப் போட்டுவைத்திருந்தார்கள். 3-ஆம் தேதி தளத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது: மூன்று மணி நேரம் முன்னதாக, 4-ஆம் தேதி இரவு 10 மணிக்கே நிறுத்தித் தரமுடியுமா? மின்பாதையை நடத்திய ஈ.ஆன் நெட்ஸ் நிறுவனம் சரி என்றது. பக்கத்து மின்பாதை நிறுவனங்களுக்குத் தகவல் போனதோ 4-ஆம் தேதி மாலை ஏழு மணி வாக்கில். இரவு 9.38-க்கு ஒரு லைன், மறு நிமிடம் இன்னொன்று. இரண்டும் நின்றன.

அன்று வடக்கே காற்றாலைகள் நன்றாகச் சுழன்ற இரவு. கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்த மின்சாரம், ஒரு வாசல் அடைத்ததும் மற்ற வாசல்களில் முண்டியது. லாண்டஸ்பெர்கன் – வேரண்டார்ஃப் என்ற பாதையில் நெரிசல். பாதையின் மறுமுனையை வைத்திருந்த ஆர்.டபிள்யூ.ஈ. நிறுவனத்தார் ஃபோனில் எச்சரித்தார்கள், எங்கள் வரம்பு 1,795 ஆம்பியர் என்று. (தளம் தொடங்கிய வருடமும் 1795. வெறும் தற்செயல்தான், ஆனாலும் விசாரணை அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றுவிட்டேன்.) 10 மணி தாண்டியும் ஓட்டம் ஏறிக்கொண்டே போக, ஈ.ஆன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். துணைமின்நிலையத்தில் ஓர் இணைப்பைச் சேர்த்தால் 80 ஆம்பியர் குறையும் என்பது அவர்கள் மனக்கணக்கு. கணினியில் போட்டுப் பார்க்க நேரமில்லை. சேர்த்தார்கள். குறையவில்லை, 67 ஆம்பியர் கூடியது. 10.10-க்கு அந்தப் பாதை தானாகத் துண்டித்துக்கொண்டது. அதன் சுமை அடுத்ததில், அது போய் அடுத்ததில் என்று வடக்கிலிருந்து தெற்குவரை நொடிகளில் சரிந்து, ஐரோப்பிய மின்வலை மூன்று துண்டாகப் பிளந்தது. வடகிழக்குத் துண்டில் மின்சாரம் மிச்சம், மேற்கில் சுமார் 9,000 மெகாவாட் பற்றாக்குறை. 50 ஹெர்ட்ஸில் ஓடவேண்டிய அதிர்வெண் மேற்கே 49-க்கு இறங்கியது. மொத்த வலையும் படுத்துவிடாமல் இருக்க, தானியங்கிக் கருவிகளே வீடுகளை வெட்டிவிட்டன. அந்த ஒன்றரைக் கோடி வீடுகளின் கதை இதுதான். ஸ்பெயினிலிருந்து மொராக்கோவுக்குப் போகும் இணைப்புகூடத் துண்டானது.

மூன்று துண்டுகளையும் 38 நிமிடத்தில் மறுபடி ஒட்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லா ஊரிலும் விளக்கு வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கப்பல் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஒன்று விழுந்தால் மற்றது தாங்குமா என்று மறுபடி கணக்குப் போடாமல் லைனை நிறுத்தியதும், அண்டை நிறுவனங்களோடு சரியாகப் பேசிக்கொள்ளாததும்தான் குற்றம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நான் இன்னொன்றையும் கவனிக்கிறேன். கப்பலுக்காக ஆறு ஆழமானது, பாலம் கழன்றது, மின்சாரம் நேரத்தை மாற்றிக்கொண்டது. கப்பலைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டலாமே என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆறு கொடுத்த விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. தோண்டத் தோண்ட, கடல் ஏற்றம் வேகமாக உள்ளே வருகிறது. வரும்போது சேற்றை அள்ளி வருகிறது, வற்றும்போது அவ்வளவையும் திருப்பி எடுத்துப்போவதில்லை. கீழ் எம்ஸின் அடியில் கூழ்போலச் சேறு கிடக்கிறது. கோடையில் தண்ணீரில் ஆக்ஸிஜன் இறங்கிப் பல நாட்கள் மீன் தங்கவே முடியாமல் போகிறது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன, போராடின. 2015-இல் அரசு, தளம், அமைப்புகள் எல்லாம் உட்கார்ந்து ஆற்றை மீட்க ஒரு திட்டத்தில் கையெழுத்திட்டன. அதன் பெயரிலேயே 2050 என்று இருக்கிறது. மீனுக்குப் பொறுமை வேண்டும்.

இப்போது அந்த 80-ஐ எடுத்துக்கொள்வோம். கொரோனாவுக்கு முன் பேசி முடித்த விலைக்கு, கொரோனாவுக்கும் உக்ரைன் போருக்கும் பின்னால் கப்பல் கட்டவேண்டி வந்தது. இரும்பு, மின்சாரம் எல்லாம் ஏறிவிட்டன, ஒப்பந்த விலை ஏறவில்லை. பணமோ டெலிவரியில்தான் வரும். வங்கிகள் கையை விரித்தன. கைநிறைய ஆர்டர் இருந்தும் 2024-இல் தளம் மூழ்கப் பார்த்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஆயிற்றே, அரசு விடுமா? ஜெர்மன் மத்திய அரசும் லோயர் சாக்சனி மாநில அரசும் சேர்ந்து 40 கோடி யூரோ போட்டு, கடன்களுக்கு ஜாமீனும் நின்று, சுமார் 80 சதவீதப் பங்குகளை வாங்கிக்கொண்டன.

ஆக, 2006-இல் அந்த இரவு இருட்டில் உட்கார்ந்திருந்த ஜெர்மானியர்களும் வரி கட்டிய வகையில் இந்தத் தளத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள்.

அடுத்த வாரம்: 2009, டென்மார்க். நள்ளிரவில் ஒரு பாலமும், அதன் அடியில் புகைபோக்கியைச் சுருக்கிக்கொண்டு நுழைந்த ஒரு கப்பலும்.

(மிதப்போம்)