டாமிஃப்ளூ கதை: ஒரு டாக்டர் கேட்ட கேள்வி

இன்னைக்கு ஒரு மாத்திரையோட கதை. இன்னும் சரியாச் சொன்னா, "இந்த மாத்திரை வேலை செய்யுது" என்ற முடிவுக்கு டாக்டர்கள் எப்படி வருகிறார்கள் என்பதன் கதை.

2009, பன்றிக் காய்ச்சல் வருஷம். டாமிஃப்ளூ என்ற பேரை அப்போ நியூஸ்ல கேட்காத நாளே இல்லை. பல நாட்டு அரசுகள் அதை வாங்கிக் குவித்தன. பிரிட்டன் இந்த ஒரு மருந்துக்கு மட்டும் 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது. காய்ச்சல் கொஞ்சம் சீக்கிரம் விடும் என்பதற்காக யாரும் இவ்வளவு கொட்ட மாட்டாங்க இல்லையா? நிமோனியா மாதிரி சிக்கல்கள் குறையும், ஆஸ்பத்திரியில் சேர்வது குறையும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கைக்குத் துணை நின்றவற்றில் ஒன்று, 2006-இல் வந்த ஒரு காக்ரேன் சிஸ்டமேட்டிக் ரிவியூ. அதாவது, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகத்தில் நடந்த எல்லாச் சோதனைகளையும் தேடி, தரம் பார்த்து, சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு விடை சொல்வது. எப்படித் தேடுவோம், எதைச் சேர்ப்போம் என்பதை முன்னாடியே எழுதி வைத்துவிட வேண்டும். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு விதியை மாற்றக் கூடாது. இந்த வேலைக்குப் பேர்போன அமைப்பு காக்ரேன். அவர்கள் சொன்னால் டாக்டர்கள் நம்புவார்கள்.

2009 ஜூலையில் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தைகள் மருத்துவர் காக்ரேனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சிக்கல்கள் குறையும்னு சொல்றீங்க, அதுக்கு 2003-இல் வந்த ஒரே ஒரு கட்டுரையைத்தான் நம்பியிருக்கீங்க. அந்தக் கட்டுரை பத்துச் சோதனைகளைச் சேர்த்து எழுதியது. அதில் ரெண்டுதான் முழுசா வெளியாகியிருக்கு. மீதி எட்டை நீங்க பார்த்தீங்களா? இதுதான் அவர் கேட்டதன் சாரம்.

பார்க்கவில்லை. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் பெரும்பாலோர் மருந்தைத் தயாரித்த ரோச் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். 1,400 பேருக்கு மேல் கலந்துகொண்ட பெரிய சோதனை ஒன்று எந்த ஜர்னலிலும் வரவே இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரிவியூவை வழிநடத்திய டாம் ஜெஃபர்சன் மழுப்பவில்லை. கட்டுரை எழுதியவர்களிடம் டேட்டா கேட்டார், ரோச்சைக் கேளுங்கள் என்றார்கள். ரோச் ஒரு ரகசிய ஒப்பந்தத்தை நீட்டியது. அப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதையே வெளியில் சொல்லக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை! டீம் கையெழுத்துப் போடவில்லை. 2009 டிசம்பரில், அந்த 2003 கட்டுரையைக் கழற்றிவிட்டு, சிக்கல்கள் குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று தங்கள் முடிவையே திருத்தி வெளியிட்டார்கள்.

அடுத்து வழிமுறையையே மாற்றினார்கள். ஜர்னல் கட்டுரை என்பது பத்துப் பக்கச் சுருக்கம். அதே சோதனைக்கு மருந்து கம்பெனி அரசிடம் கொடுக்கும் 'கிளினிக்கல் ஸ்டடி ரிப்போர்ட்' நூற்றுக்கணக்கான பக்கம், சிலது ஆயிரக்கணக்கில். கட்டுரை சினிமா டிரெய்லர்னா, இது எடிட் பண்ணாத முழு ஃபுட்டேஜ். இனி டிரெய்லரை வைத்து விமர்சனம் எழுதுவதில்லை என்று முடிவு செய்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், கம்பெனிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்தை எல்லாரும் படிக்கும்படி போட்டது. ஒருவழியாக 2013-இல் ரோச் ரிப்போர்ட்களைக் கொடுத்தது.

2014 ஏப்ரலில் புது ரிவியூ வந்தது. பெரியவர்களுக்கு ஃப்ளூ அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன. அரை நாளுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. குமட்டலும் வாந்தியும் கூடுதல்.

விஷயம் இதோடு முடியலை. 2015-இல் லான்செட்டில் வேறொரு குழு, ஒவ்வொரு நோயாளியின் டேட்டாவையும் எடுத்துக் கணக்குப் போட்டு, ஆஸ்பத்திரி சேர்க்கை குறைகிறது என்றது. பணம் ஒரு அறக்கட்டளை வழியாக ரோச்சிடமிருந்து வந்தது. ஆனால் அதை மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயம் இல்லை. முக்கியமான வித்தியாசம் யாரை எண்ணுவது என்பதில். லேப் டெஸ்டில் ஃப்ளூ உறுதியானவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் லான்செட் குழுவுக்கு அந்தப் பலன் தெரிந்தது. காக்ரேன், சோதனையில் சேர்ந்த எல்லாரையும் எண்ணியது. கிளினிக்குக்குக் காய்ச்சலோடு வருகிறவருக்கு ஃப்ளூதானா என்று டாக்டருக்கு அப்போதே தெரியாதே. அதோடு, இந்த மருந்து உடம்பில் ஆன்டிபாடி உருவாவதையே பாதிக்கலாம், அப்படியானால் 'உறுதியானவர்கள்' என்ற பிரிப்பே கோணலாகிவிடும் என்பது ஜெஃபர்சன் தரப்பு வாதம். எனக்கு காக்ரேன் எண்ணிய விதம்தான் சரியாகப் படுகிறது.

2017-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டாமிஃப்ளூவை முதன்மைப் பிரிவிலிருந்து துணைப் பிரிவுக்கு இறக்கியது.

அதற்கு முந்தைய வருஷம், ஐரோப்பிய மருந்து முகமை புது மருந்துகளின் ரிப்போர்ட்களைத் தன் இணையதளத்தில் வெளியிட ஆரம்பித்தது. ஒரு அக்கவுண்ட் போட்டால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் ஒண்ணைத் திறந்து பார்த்தேன். நாற்பதாவது பக்கத்தில் லேப்டாப்பை மூடிட்டேன். ஜெஃபர்சன் டீம் படித்தது ஒரு லட்சம் பக்கத்துக்கும் மேல்.