கல்மனிதன்: படமும் வழக்கும்

சென்ற திங்கள் விடுதி நண்பர்கள் சிலர் கூடி ஓர் இந்திப் படம் பார்த்தோம். மணீஷ் குப்தா இயக்கத்தில் கே கே மேனன் நடித்து 2009-இல் வெளிவந்த 'தி ஸ்டோன்மேன் மர்டர்ஸ்' என்பது அதன் பெயர். படம் முடிந்ததும் முதலாண்டுத் தம்பி ஒருவர், "நல்லவேளை அண்ணா, கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டதே!" என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுதான் என்னை எழுதத் தூண்டியது. படம் காட்டிய விடை கற்பனை. உண்மைக் கொலைகாரன் இன்றளவும் அகப்படவில்லை.

நடந்ததுதான் என்ன? 1985-இல் தொடங்கி ஈராண்டுகளுக்கு மேலாகப் பம்பாயில் 12 பேர் கொல்லப்பட்டனர். அனைவரும் நடைபாதையில் தனியே உறங்கிய ஏழைகள். 30 கிலோ வரை எடையுள்ள கல்லைத் தூக்கித் தலையில் போட்டு நசுக்குவதே கொலைகாரனின் முறை. இடம் எங்கோ தொலைவில் இல்லை. கிங்ஸ் சர்க்கிளும் சயானுமே! மாதுங்காவில் இட்லி தின்று காப்பி குடித்துவிட்டு நாம் நடக்கும் வீதிகள் அவை. தாராவியிலிருந்து வரும் நம் நண்பர்கள் நாள்தோறும் கடக்கும் வீதிகள்.

துப்புத் துலங்காதது ஏன்? கொலை வழக்கில் போலீசார் முதலில் இறந்தவரிடமிருந்தே தொடங்குவர். அவர் யார்? அவருக்குப் பகைவர் உண்டா? கடைசியாக அவரைக் கண்டவர் எவர்? இங்கோ முதற் கேள்விக்கே விடை இல்லை. இறந்தோரில் பெரும்பாலோரை அடையாளம் காட்ட உற்றாரும் இல்லை, நண்பரும் இல்லை. பறிகொடுக்கப் பொருளும் இல்லாதவர்கள். ஆகவே கொள்ளை நோக்கம் என்று கொள்ளவும் வழியில்லை. ஆறாவது கொலைக்குப் பின்னரே இவை ஒரே கையின் வேலை என்பது போலீசாருக்குப் புலப்பட்டது. உணவு விடுதிப் பணியாளர் ஒருவர் தாக்குதலுக்குத் தப்பிப் பிழைத்தார். மங்கிய வெளிச்சத்தில் அவராலும் முகத்தைக் காண இயலவில்லை. பின்னர் 1989-இல் கல்கத்தா நடைபாதைகளில் அதே முறையில் 13 பேர் மாண்டனர். அவனே இவனா, வேறொருவனா? அதுவும் தீர்க்கப்படாத கேள்வியே.

இதனோடு 1960-களில் இந்நகரை நடுங்க வைத்த ராமன் ராகவ் வழக்கை ஒப்பிடுங்கள். அவனும் உறங்கும் ஏழைகளையே கொன்றான். ஆனால் அவனைப் பற்றிய பழைய போலீஸ் பதிவு இருந்தது. அங்க அடையாளமும் கிடைத்தது. 1968 ஆகஸ்டில் அலெக்ஸ் ஃபியால்ஹோ என்னும் சப்-இன்ஸ்பெக்டர் அவனைத் தெருவிலேயே கண்டுகொண்டு பிடித்தார். கல்மனிதனுக்கோ முகமே இல்லை.

தீராத வழக்கைப் படமாக்குவோர் என்ன செய்யலாம்? தென்கொரியாவின் பாங் ஜூன்-ஹோ ஒரு வழி காட்டினார். அங்கு ஹ்வாசோங் வட்டாரத்தில் 1986 முதல் 1991 வரை பெண்கள் பதின்மர் கொல்லப்பட்டனர். அதைத் தழுவி 2003-இல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' எடுத்த அவர், எவரையும் குற்றவாளியாக்காமல் கேள்வியோடே படத்தை முடித்தார். பாதுகாத்து வைத்த தடயங்களை மரபணுச் சோதனை செய்ததில், வேறொரு கொலைக்காக முன்பே சிறையில் இருந்தவன்தான் கொலையாளி என்று 2019-இல் தெரிந்தது. அக்கொலைகளுள் ஒன்றுக்காக ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் வாடிய வேறொருவர் நிரபராதி என்று 2020-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரப்பட்டுச் சொல்லும் விடை ஒரு மனிதனின் வாழ்வையே விழுங்கிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கற்பனை விடை தரும் படங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. திரையில் கொலைகாரன் சிக்கியதும் நம் கவலை தீர்ந்துவிடுகிறது. மாண்டவர்கள் யாவர் என்று கேட்கவே மறந்துவிடுகிறோம். அதுவே என் வருத்தம். கொலைகாரன் பெயரைக் கண்டுபிடிப்பது போலீசார் வேலை. நம்மருகே உறங்குபவரின் பெயரைத் தெரிந்துகொள்ள நமக்கு என்ன தடை?

மூன்றாண்டுகளாக நான் கடந்து செல்லும் நடைபாதையில் ஒரு முதியவர் படுத்திருப்பார். அவர் பெயரை இவ்வாரந்தான் முதன்முதலாகக் கேட்டேன். "எதுக்குத் தம்பி கேக்கிறீங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது.