விலாக்கறிக்கு வேண்டிய பொறுமையும் சுத்தமும்



கொள்ளேகால் 1956 நவம்பர் 1-ஆம் தேதி மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்படும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் தாலுகாவாக இருந்தது. அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் மல்லியும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கறி சமைப்பார்கள். மேற்கேயுள்ள குடகு நாட்டிலோ பன்றிக்கறிக்குக் கருமிளகும் கச்சம்புளியும் இன்றியமையாதவை. இவ்விரண்டு கைப்பக்குவங்களும் பன்றியின் விலா எலும்புக் கறியில் அழகாய் இணைகின்றன. மைசூரிலும் பெங்களூரிலும் குடியேறியிருக்கும் நீங்கள் இதை வீட்டிலேயே சமைக்கலாம்.

பண்ணையில் வளர்ந்த வெண்பன்றியின் இறைச்சியையே வாங்குங்கள். சாக்கடையோரம் திரிந்த பன்றியின் மாம்சம் வேண்டாம். மனித மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளம்பருவம் அரிசி போன்ற வெண்ணிறக் கொப்புளங்களாகத் தங்கும். அப்படி ஒன்றைக் கண்டாலும் அந்த இறைச்சியை விலக்கிவிடுங்கள்.

நால்வருக்கு ஒரு கிலோ விலாக்கறி போதும். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டித்தரக் கேளுங்கள். எலும்பின் உட்புறம் ஒட்டியுள்ள மெல்லிய சவ்வை உரித்தெடுத்தால் மசாலா நன்றாக இறங்கும். மஞ்சள்தூள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றைப் பிசறி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள்.

மிளகு இரண்டு மேசைக்கரண்டி, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கருஞ்சிவப்பாக வறுத்துப் பொடியுங்கள். குக்கரில் ஒரு கரண்டி எண்ணெய் மட்டும் ஊற்றி, 200 கிராம் சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் வதக்குங்கள். கறியிலேயே கொழுப்பு உண்டு. அதிக எண்ணெய் தேவையில்லை. கறியைச் சேர்த்துப் புரட்டி, ஒரு தம்ளர் நீர் விட்டு மூடுங்கள். முதல் விசில் வந்தபின் தீயைக் குறைத்து 25 நிமிடங்கள் வையுங்கள். ஆவி தானாக அடங்கட்டும்.

ஏன் இந்தப் பொறுமை? விலா எலும்பைச் சுற்றிலும் கடினமான இணைப்புத் திசு அதிகம். நீடித்த வெப்பத்தில்தான் அது கரைந்து பசையாகி, கறியை மிருதுவாக்கும். அவசரமாகப் பெருந்தீயில் வறுத்தால் மேலே கருகி, உள்ளே நார்போல் இருக்கும். குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸை எட்டுவதால் புழுவும் அழிந்துபோகும்.

பின்பு இரும்புச் சட்டியில் கொட்டி, வறுத்த பொடியையும் ஒரு தேக்கரண்டி கச்சம்புளியையும் சேர்த்து நீர் வற்றுமட்டும் சுருட்டுங்கள். கச்சம்புளி கிடையாவிட்டால் எலுமிச்சைச் சாறு போதும்.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய காரியம் இன்னொன்று உண்டு. வேகாத கறியைத் தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகளோ அவருடைய மலத்தின் வழியே வெளியேறி, கழுவாத கைகள், காய்கறிகள் மூலம் மற்றவர் வயிற்றுக்குள் சென்று, மூளையில் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கலாம். பன்றிக்கறியைத் தொடாத குடும்பத்திற்கும் இது நேரிடும். ஆகவே கழிப்பறைக்குப் போய் வந்தபின்பும் சமைக்குமுன்பும் சோப்பினால் கைகளைக் கழுவுங்கள். பச்சையாய் உண்ணும் காய்களை நன்கு அலசுங்கள். பச்சைக் கறிக்கென்று கத்தியும் பலகையும் தனியே இருக்கட்டும்.

நம் சபைகளில் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தை எண்ணி இதைப் புசியாதவர்கள் உண்டு. அண்டை வீட்டாரிலும் உண்டு. போஜனத்தினிமித்தம் சகோதரனைத் துக்கப்படுத்தலாகாது என்பதே ரோமர் 14-ஆம் அதிகாரத்தின் போதனை. அவர்களை விருந்துக்கு அழைத்த நாளில் இந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றாதிருங்கள், வற்புறுத்தவும் வேண்டாம். புசிக்கிறவரோ நன்றாய் வெந்ததை, கழுவிய கைகளால், ஸ்தோத்திரத்தோடே புசிக்கக்கடவர்.